நாற்பத்தொன்றாம் அடுக்கு

அக்கா,

இதை யாருக்கும் காட்டிவிடாதே. உன்னால் காட்ட முடியாது என்று தெரியும். இருந்தாலும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். வேதியியல் நோட்டின் கடைசித் தாள்களில் எழுதுகிறேன். அறைக் கதவைத் தாழிட்டிருக்கிறேன். அம்மா நாளைக்காக முறுக்கு சுட்டு முடித்து இப்போதுதான் அடுப்பை அணைத்தாள்.

சாயங்காலம் அப்பா பரணிலிருந்து உன் பிஸ்கட் டின்னை இறக்கினார். நீ பயன்படுத்தாமல் விட்ட ஸ்லைடுகள் அதில் இருந்தன. விரல் நீளத்துக்குக் கறுப்பு அட்டை, அதில் வெள்ளைக் கோட்டில் சின்னச் சின்னக் கட்டங்கள். மூடியைத் திறந்ததும் கோந்து வாசனை வந்தது. அம்மா ஒரு ஸ்லைடை எடுத்து முகர்ந்துவிட்டு, "அவ கை வாசனை" என்றாள். அழவில்லை. சிரித்த மாதிரிகூட இருந்தது. நான்தான் எழுந்து இங்கே வந்துவிட்டேன்.

நாளை காலை உன் ஆராய்ச்சி மேடம் வீட்டுக்கு வருகிறார். உன் கட்டுரையைத் திங்கட்கிழமை ஓர் அறிவியல் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறார்களாம். அதற்குமுன் அம்மா அப்பாவைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டுமாம். அதன் நகலைப் போன வாரமே அனுப்பிவிட்டார். முதல் பெயர் உன்னுடையது. அப்பா அதை அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கூடத்து டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். நேற்றுதான் நான் அதைப் படித்தேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு ஊரடங்குக் காலத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஆய்வகத்தை மூடியபோது மேடத்திடம் கெஞ்சி நீ நுண்ணோக்கியை வீட்டுக்கே கொண்டுவந்தாய். சேலையூரில் நம் இரண்டாம் மாடி வீட்டில், நாம் இருவரும் படுக்கும் இந்த அறையில், ஜன்னலை ஒட்டிய மேசையில் அது உட்கார்ந்தது. வங்காள விரிகுடாவின் அடியிலிருந்து குழாய் மாதிரி எடுத்த சேற்றை அடுக்கு அடுக்காக வெட்டி, கழுவி, உலர்த்தி, சின்னப் பாக்கெட்டுகளில் போட்டிருந்தீர்கள். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஓர் எண். எண் கூடக் கூடக் காலம் பின்னால் போகும். பாக்கெட்டைத் தட்டில் கொட்டினால் வெறும் வெள்ளைத் தூள். நுண்ணோக்கியில் பார்த்தால் கடல் உயிர்களின் ரவையைவிடச் சிறிய ஓடுகள். ஃபோராமினிஃபெரா என்ற முழுப்பெயர் எனக்கு வாயில் வராது. நீயே இரண்டு வகைக்குப் பெயர் வைத்துக் கொடுத்தாய். மூன்று உருண்டை ஒட்டிக்கொண்டிருப்பது பூந்தி. சுருண்டிருப்பது நத்தை. பூந்தி கடலின் மேல்தண்ணீரில் வாழ்ந்தது, நத்தை ஆழத்தில் குளிரில் வாழ்ந்தது. செத்த பிறகு இரண்டும் ஒரே சேற்றில் வந்து விழுந்தன.

"செத்துப்போனதுல என்னக்கா தெரியும்?" என்று கேட்டேன்.

"எல்லாம் தெரியும். அன்னிக்குத் தண்ணி எப்படி இருந்துச்சுன்னு அப்படியே போட்டுக் குடுத்துடும். உன்ன மாதிரி."

நான் அப்போது அம்மாவிடம் எல்லாவற்றையும் போட்டுக் கொடுக்கிற ஆள்தான்.

ஓட்டில் உள்ள ஆக்சிஜனில் லேசானது, கனமானது என்று வகைகள் உண்டு. நல்ல மழை பெய்து ஆறுகள் பெருகி வந்தால் மேல்தண்ணீரில் லேசானது கூடும். பூந்தியின் ஓட்டிலும் கூடும். குளிர்ந்த ஆழத்தில் வாழ்ந்த நத்தையின் ஓட்டில் கனமானது அதிகம் இருக்கும். வரைபடம் போட்டால் பூந்திக்கு ஒரு கோடு, நத்தைக்கு ஒரு கோடு, தாம்பரம் தண்டவாளம் மாதிரி தள்ளித் தள்ளியே போகும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அது போதுமாக இருந்தது.

ஒவ்வொரு பாக்கெட்டிலிருந்தும் பூந்தியைத் தனியாக, நத்தையைத் தனியாக ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்து இரண்டு குழி உள்ள வேறு வகை ஸ்லைடில் சேர்ப்பாய். சோதனைக்குப் போகிறவற்றில் கோந்து படக்கூடாது என்பதால் அவை ஒட்டாமல் சும்மா கிடக்கும். அதனால் அறையில் ஃபேன் போடக்கூடாது. மே மாதம். அப்பா வாசலில் நின்று கத்துவார்: "கடலுக்குக் காத்து படக்கூடாதுன்னு இந்த வீட்டுல மனுஷன் வேர்த்துச் சாகணுமா?" நீ நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்காமலே, "அப்பா, நீங்க பேசற காத்தே ஜாஸ்தி" என்பாய்.

ஒருநாள் மத்தியானம் நீ குளிக்கப் போனாய். ஸ்லைடுக்கு மேலே கண்ணாடி மூடியைத் தள்ள மறந்திருந்தாய். நான் ஆன்லைன் வகுப்பு முடிந்து உள்ளே வந்தேன். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கை தானாகப் போய் ஃபேன் சுவிட்சைத் தட்டியது. இரண்டு சுற்று சுற்றியிருக்கும். உடனே அணைத்துவிட்டேன். குனிந்து பார்த்தபோது குழிகள் இரண்டிலும் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. மற்றவை ஸ்லைடின் ஓரத்தில் ஒரே குவியலாகக் கிடந்தன. சில மேசையில் விழுந்திருந்தன.

உன் தூரிகையை எடுத்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டேன். குளியலறையில் தண்ணீர் சத்தம் நிற்கும்வரை எனக்கு நேரம் இருந்தது. பெரியவை புரிந்தன. சின்னவை எல்லாம் ஒன்று போலவே இருந்தன. பாதியை இந்தக் குழியில், பாதியை அந்தக் குழியில் போட்டேன். மேசையில் கிடந்தவற்றை உள்ளங்கையால் துடைத்துப் பாவாடையில் தட்டிவிட்டேன். மூடியைத் தள்ளினேன். ஸ்லைடின் ஓரத்தில் பென்சிலால் நாற்பத்தொன்று என்று எழுதியிருந்தாய். வகுப்பில் என் வருகை எண்ணும் அதுதான்.

நீ தலையைத் துவட்டிக்கொண்டே வந்து வெறுங்கண்ணால் எண்ணிப் பார்த்தாய். "ரெண்டு கம்மியா இருக்கே" என்றாய். பாக்கெட்டிலிருந்து இன்னும் இரண்டு எடுத்துப் போட்டுக்கொண்டாய். நான் கட்டிலில் படுத்துப் பாடப்புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்திருந்தேன். அந்த ஒரு விஷயத்தை மட்டும் நான் யாரிடமும் போட்டுக் கொடுக்கவில்லை.

சொல்ல ஒரு சந்தர்ப்பம் வந்தது. பஸ் ஓட ஆரம்பித்த பிறகு கேளம்பாக்கத்தில் இறங்கி மாறி கோவளம் போனோம். உனக்குக் கரை மணல் ஒரு டப்பா வேண்டும் என்றாய். நீ முட்டிபோட்டு அள்ளிக்கொண்டிருந்தபோது கூடையோடு வந்த மீன்கார அம்மா நின்றுவிட்டார்.

"இன்னா கண்ணு, டப்பால மண்ண அள்ளிகினு கீற? வூடு கட்டப் போறியா?"

"கட்டறதுக்கு இல்லக்கா, படிக்கறதுக்கு."

"மண்ணுல இன்னா படிப்பு கீது?"

"உங்க கூடையில மேல்தண்ணி மீனு எது, அடித்தண்ணி மீனு எதுன்னு பார்த்தாலே சொல்லிடுவீங்கல்ல? அந்தப் படிப்புதான்."

"அது தெரியாமயா இத்தினி வருசம் வித்துகினு கீறேன்? ரெண்டையும் கலந்து குட்த்தா வாங்கறவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும்" என்றாய் நீ.

"அப்ப நீயும் மீன்காரிதான். வா, குந்து, சேந்து விப்போம்" என்று அவர் சிரிக்க, நீயும் சிரித்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டாய். நான் மட்டும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வண்டலூர் வருவதற்குள் நீ என் தோளில் தூங்கிவிட்டாய்.

முடிவுகள் வேறு ஊர் ஆய்வகத்திலிருந்து வர வெகுநாள் ஆனது. வந்த அன்று செருப்பைக்கூடக் கழற்றாமல், நீ எனக்கு வைத்த பட்டப்பெயரைக் கத்திக்கொண்டே உள்ளே ஓடிவந்தாய். "எலி! மழை பொய்ச்சிருக்குடி! யாரும் பார்க்காத பஞ்சம்!" என்று என் இரண்டு கையையும் பிடித்துச் சுற்றினாய். எந்த அடுக்கு என்று நான் கேட்கவில்லை. அப்போது கேட்டிருக்க வேண்டும். இன்னொரு தடவை எடுத்து அனுப்பிச் சரிபார்க்க வேண்டும், மிச்ச மண் பாக்கெட்டில் இருக்கிறது, அடுத்த வாரம் உட்காருகிறேன் என்றாய்.

அடுத்த வாரம் உனக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் டெங்கு என்றார்கள். ஆறாம் நாள் அப்பா மருத்துவமனையிலிருந்து தனியாக வந்தார்.

அதன்பிறகு அம்மா வேலையை விட்டாள். கேட்டைத் தாண்டிப் போகமாட்டாள். சாப்பிடச் சொன்னால் தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். பெரியப்பா வந்து, "பொம்பளப் புள்ளைய மண்ணு நோண்ட அனுப்பினா இப்படித்தான்" என்றார். மண்ணுக்கும் காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. அப்பாகூட.

போன மாதம் மேடம் போன் செய்தார். கட்டுரை தயாராகிறது, முதல் பெயர் உங்கள் மகளுடையது என்றார். மறுநாள் அம்மா தலைக்குக் குளித்தாள். கீழே இறங்கிப் போய்க் காய்கறி வண்டிக்காரரிடம், "எம் பொண்ணு ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி வந்த பஞ்சத்தக் கண்டுபிடிச்சிருக்கா" என்று சொன்னாள். "இன்னாம்மா நீ, இப்ப கத்திரிக்காய்க்கு வந்துகினு கீற பஞ்சத்தையே யாரும் கண்டுக்க மாட்டேங்கறான்" என்றார் அவர். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். நான் மாடியிலிருந்து பார்த்தேன். நாளைக்குப் பெரியப்பாவையும் வரச்சொல்லியிருக்கிறார் அப்பா. அவர் எதிரில் மேடம் அந்தத் தாளைக் கொடுக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை.

நேற்று அந்தத் தாளில் வரைபடத்தைப் பார்த்தேன். இரண்டு கோடுகள் தள்ளித் தள்ளியே போகின்றன. ஒரே ஓர் இடத்தில் மட்டும் பூந்தியின் கோடு கனத்தின் பக்கம் சாய்கிறது, நத்தையின் கோடு லேசின் பக்கம் வருகிறது. இரண்டும் கிட்டத்தட்டத் தொட்டுக்கொள்கின்றன. கீழே எண்ணைப் பார்த்தேன். நாற்பத்தொன்று.

அந்தக் காலத்தில் மழை பொய்த்து, ஆற்றுத் தண்ணீர் வராமல், கடலின் மேல்தண்ணீரும் அடித்தண்ணீரும் கலந்துவிட்டன என்று எழுதியிருக்கிறது. இரண்டு வகை ஓடுகளும் தனித்தனியே ஒரே சேதியைச் சொல்வதால் தவறாக இருக்க வாய்ப்பில்லை என்றும் எழுதியிருக்கிறது.

அக்கா, கலந்தது கடல் இல்லை. நான்தான் கலந்தேன்.

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நேற்று முழுக்க நினைத்தேன். யாருக்கு நஷ்டம்? என்றைக்கோ பெய்யாமல் போன மழைக்காக யார் வந்து கேட்கப் போகிறார்கள்? அம்மா சாப்பிடுகிறாள். அது போதாதா? சொன்னால் அவள் மறுபடியும் கேட்டுக்கு உள்ளேயே இருந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. எழுத்து கோணலாக வருகிறது, பொறுத்துக்கொள்.

ஆனால் மிச்ச மண் ஆய்வகத்தில் இருக்கிறது. என்றைக்காவது யாராவது அதைத் தட்டில் கொட்டுவார்கள். பூந்தியைத் தனியே, நத்தையைத் தனியே எடுத்து அனுப்புவார்கள். கோடுகள் தள்ளியே இருக்கும். அப்போது கட்டுரையின் மேலே உன் பெயர் இருக்கும். இந்தப் பெண்ணுக்கு வகை பிரிக்கவே தெரியவில்லை என்பார்கள். உன்னைச் சொல்வார்கள். கண் எரிய எரிய ஒரு தூரிகை நுனியோடு இரண்டு வருஷம் இந்த மேசையில் உட்கார்ந்த உன்னை. நீ பதில் சொல்ல வரமுடியாது.

ஃபேன் போட்டது நான் என்று சொல்ல இங்கே நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

உன் பழைய போன் இப்போது என்னிடம்தான் இருக்கிறது, பள்ளிக்கூட வேலைக்காக. அதே எண். மேடத்துக்கு நீ கடைசியாக அனுப்பிய செய்தி மேலே அப்படியே இருக்கிறது: "காய்ச்சல் விட்டதும் வரேன் மேம்." அதற்குக் கீழே எழுதினேன். நான் அவள் தங்கை என்பதை முதல் வரியில் போட்டேன், பயந்துவிடக்கூடாது என்று. பிறகு ஃபேன், குழிகள், எண். கடைசியில், "மிச்ச மண் இருந்தால் நானே பிரித்துத் தருகிறேன் மேடம். அன்று எனக்குத் தெரியவில்லை. இப்போது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் தெரியும்."

அது உண்மைதான் அக்கா. அந்த மத்தியானத்துக்குப் பிறகு நீ இல்லாத நேரமெல்லாம் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துப் பழகினேன். உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான். நீ கொடுத்தது என்று சொல்லமுடியாது. நான் கெடுத்ததால் வந்தது.

நோட்டில் இதுவரை எழுதிவிட்டு, போனில் அனுப்பும் பொத்தானை அழுத்தினேன்.

செய்திக்கு அடியில் இரண்டு டிக் கோடுகள் விழுந்தன. நீலமாகிவிட்டன. மேடம் விழித்திருக்கிறார். ஏதோ எழுதுகிறார் என்று காட்டியது. நின்றுவிட்டது. மறுபடி காட்டியது. நின்றுவிட்டது.

கூடத்தில் அப்பாவின் போன் அடிக்கிறது.

"சொல்லுங்க மேடம்... இல்ல இல்ல, தூங்கல... யாரு? எந்த நம்பர்ல இருந்து?"

"என்னங்க, என்னவாம்?" அது அம்மா.

டிவி பக்கம் பிளாஸ்டிக் உறை சரசரக்கிறது. அப்பா அந்தத் தாளை உருவுகிறார் போலிருக்கிறது. இப்போது யாரோ நடந்து வருகிறார்கள். கொலுசு சத்தம். அம்மாதான். அக்கா, கதவைத் தட்டுகிறா—