க.க. சரோஜா

ஜூன் 9, திங்கள்

சரோஜா அக்காவின் பிறப்பைத் தோட்டத்து நிர்வாகம் திருடிவிட்டது. பதிந்தாகிவிட்டது என்று அவர் அப்பாவிடம் சொன்னார்கள். பதியவே இல்லை. அப்பா முனியாண்டிக்கு நீல ஐசி, குடிமகனின் அடையாள அட்டை. தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்த மகளுக்கு ஐம்பத்திரண்டு வயதிலும் சிவப்பு, குடியுரிமை இல்லை.

காலையிலிருந்து மழை. சுங்கை காடுட்டில் எங்கள் தொழிற்சாலையைக் கூட்டித் துடைப்பவர் அக்கா. எனக்கு அங்கே கம்ப்யூட்டர் வேலை. வெள்ளிக்கிழமை ஐசி அலுவலகத்தில் அவருக்குக் குடியுரிமை நேர்காணல்.

“இங்கதான் பொறந்தேன்னு காட்டணுமாம் தங்கச்சி. நா எங்க போயி காட்றது?”

கிடைத்தவை:
– செக்ரோல். ஆங்கிலம். தோட்டத்தின் எந்தப் பிரிவில், அதாவது டிவிஷனில், யார் வேலை செய்தார்கள்.
– தோட்ட ஆஸ்பத்திரிப் பிறப்புப் புத்தகம். ஆங்கிலக் கிறுக்கல். பெற்றோர் பெயர், தேதி, டிவிஷன். பிள்ளைக்குப் பெயர் கிடையாது, “பெண்”, அவ்வளவுதான்.
– தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு. பெற்றோர் பத்தியைக் கரையான் தின்றுவிட்டது.

முதல் இரண்டும் தோட்டத்துக் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணியின் அலமாரியில் இருந்தவை. மூன்றாவது, பெடாஸில் வாத்தியாராக இருக்கும் நண்பன் ஸ்டீபன் கேட்டு வாங்கியது.

மூன்றையும் ஒரே பட்டியலாகத் திருப்பி எழுத மாட்டேன். என் தப்பும் கலந்துவிடும். புத்தகம் ஒவ்வொன்றையும் உள்ளபடியே தட்டச்சு செய்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ராப்பர்: அதன் பாஷை மட்டும் தெரிந்த சின்ன நிரல். நடுவில் ஒரு மீடியேட்டர். நான் ஒரு கேள்வி கேட்டால் போதும். அது மூன்று ராப்பரிடமும் விசாரித்து, பதில்களைப் பொருத்திக் கொடுக்கும்.

மீடியேட்டருக்கு மண்டோர் என்று பெயர் வைத்தேன், தோட்டத்துக் கங்காணி மாதிரி. ஸ்டீபன்: “எங்க தாத்தா மண்டோர் லா. அவரு யாரையும் விசாரிச்சதில்ல. ஏசுனது மட்டும்தான்.”

ஜூன் 10, செவ்வாய்

வெயில். லெட்சிமி, லெட்சுமி, லட்சுமி எல்லாம் ஒன்று என்று மண்டோருக்குப் பழக்கியாயிற்று. ஓடுகிறது! செக்ரோலும் ஆஸ்பத்திரியும் பொருந்துகின்றன. முனியாண்டி, லெட்சுமி, டிவிஷன் 2, பெண்.

பள்ளியிலிருந்து ஒன்றுமில்லை. பிறந்த தேதி அதேதான், ஆனால் பெயர் “க.க. சரோஜா”. முனியாண்டி மகள் என்றால் “மு.” வர வேண்டும். வேறு பிள்ளை என்று மண்டோர் தள்ளிவிட்டது.

மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் மாற்றணும்.

ஜூன் 11, புதன்

கேன்டீனில் அக்காவிடம் திரையைக் காட்டினேன். சிரிக்கிறார்.

“அது அப்பா பேரு இல்லடி. கள்ளுக்கட.”

“என்னக்கா?”

“ரெண்டாவது டிவிஷன்லதான் கள்ளுக்கட. எங்கள கள்ளுக்கடப் புள்ளைங்கன்னுதான் கூப்புடுவாங்க. பெரிய வாத்தியாரு முழுசா எழுத வெக்கப்பட்டு க.க.ன்னு போட்டுட்டாரு.”

பெயருக்கு முன்னால் எழுத்து வந்தால் அது அப்பன் என்று ராப்பருக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். க.க. ராஜூ, க.க. பார்வதி, பக்கம் பக்கமாக. ஒரே அப்பனுக்கு இத்தனை பிள்ளைகளா என்றுகூடத் தோன்றவில்லை. மடச்சி.

ஒரே வரி மாற்றம்: க.க. என்றால் டிவிஷன் 2. ஓட்டினேன். மூன்று புத்தகமும் ஒரே வரியில் வந்து நின்றன. அந்தத் தேதியில் அந்த டிவிஷனில் பிறந்தது ஒரே ஒரு பெண். பார்வதிக்கும் அவள் பிறந்த தேதியில் இதேபோல் பொருந்துகிறது. ராஜூவுக்கும். இவர்கள் எங்கே, கையில் என்ன நிற ஐசி?

ஸ்டீபனுக்குப் போன். “கத்தாத லா, கிளாஸ்ல இருக்கேன்.”

அக்கா: “அம்மா பேரு இருக்கா? படி.”

படித்தேன்.

“இன்னொரு தடவ.”

ஜூன் 13, வெள்ளி

ஆறாவது கவுண்டர். மூன்று புத்தகங்களும் மண்டோர் பொருத்திய தாள்களும் பிளாஸ்டிக் பையில். அக்கா புதுப் புடவை. மலாய் அதிகாரி, மரியாதையானவர், பொறுமையாகப் புரட்டினார். இதில் குழந்தைக்குப் பெயர் இல்லை, அதில் அப்பாவுக்குப் பெயர் இல்லை, இரண்டையும் சேர்த்தது உங்கள் கம்ப்யூட்டர், அது சான்றாகாது என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். “என்னா சொல்றாரு?”

நான் அதிகாரியிடம் மலாயில் கேட்டேன். அவர் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். மறுபடி கேட்டேன். மூன்றாவது முறை எழுந்து நின்று கேட்டேன்: அன்றைக்கு அங்கே பிறந்தது ஒரே பெண், அது இவர் இல்லையென்றால் அந்தப் பெண் யார், பெயரைச் சொல்லுங்கள்.