பூட்டுக்கு ஒரே சாவி

ஜூன் 3
வேலையில் கரண்ட் அடித்து அவர் போய் இன்றோடு பத்தொன்பது நாள். காற்றாலை மேனேஜர் வீட்டுக்கு வந்து ஒரு காகிதத்தை நீட்டினார். "ஒரு கையெழுத்து போட்டுடுங்கம்மா, விஷயம் முடிஞ்சிரும்." எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'இறந்தவரின் கவனக்குறைவு.' யாருக்கு? கேஸ் சிலிண்டரை மூடியாச்சா என்று ராத்திரி ரெண்டு தடவை எழுந்து பார்க்கிற மனுஷனுக்கா? போடமாட்டேன் என்றேன்.

ஜூன் 4
கொழுந்தன் கத்திவிட்டுப் போனார். "மலையில போய் முட்டிக்காதீங்க அண்ணி!"
முட்டித்தான் பார்ப்பமே.

ஜூன் 7
ஆஸ்பத்திரியில் கொடுத்த பையை இன்றுதான் பிரித்தேன். சட்டைப் பையில் அவருடைய சாவி. காற்றாலைக் காத்தாடி மேலே ரிப்பேருக்கு ஏறுகிறவர் கீழே மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டைப் போட்டுவிட்டுத்தான் ஏறணும். பூட்டுக்கு ஒரே சாவி, அது ஏறினவரிடம் இருக்கும். "காத்தாடிதான் நின்னாச்சே, பூட்டு எதுக்கு?" என்று ஒருநாள் கேட்டேன். சிரித்தார். "காத்து தள்ளினா இறக்கை மெதுவாத்தான் சுத்தும். மேல பெட்டியில இருக்கற பல்சக்கரம் அதை வேகமாக்கும். அந்த வேகத்துல காந்தம் சுத்தினா செம்புக் கம்பியில கரண்ட் வரும். ஆனா கீழ ஊர் லைனோட சேர்த்திருக்கோமே, அங்கேருந்தும் மேல ஏறும்டி."
அப்படித்தான் ஏறியிருக்கு.
சாவி இவர் பையில். அப்போ பூட்டைத் திறந்தது யாரு?

ஜூன் 8
சமைக்கவில்லை.

ஜூன் 10
ஆபீசுக்குப் போனேன். "அவரு பூட்டே போடலம்மா. உக்காருங்க, டீ சாப்பிடுங்க" என்றார் மேனேஜர்.
"டீ வேணாம். அவர் பூட்டைக் காட்டுங்க."
காட்டவில்லை.

ஜூன் 11
ஒட்டடைக்குச்சி வந்தான். கூட வேலை பார்த்தவன், உயரத்தைப் பார்த்து இவர் வைத்த பேர். வாசலிலேயே நின்றான். "அக்கா, காத்து நல்லா அடிக்கறப்ப ஒரு காத்தாடி நின்னாலும் மேனேஜருக்கு நஷ்டக் கணக்குதான் ஓடும். எல்லாப் பூட்டுக்கும் ரெண்டாவது சாவி அவர் டிராயர்ல இருக்கு. அன்னைக்கு அண்ணன் இறங்கிட்டார்னு நெனச்சு அவரே பூட்டைத் திறந்து சுவிட்சைப் போட்டுட்டார்."
"ரெண்டாவது சாவி இருக்கறது உங்களுக்கெல்லாம் தெரியுமா?"
"தெரியும்க்கா."
அப்போ இவருக்கும் தெரிஞ்சிருக்கு. என்கிட்ட மட்டும் ஒரே சாவின்னு — ஏன்யா? நான் பயந்துக்குவேன்னா? இப்ப மட்டும் என்ன பண்றேன் நான்?
விசாரணைன்னு வந்தா இதைச் சொல்லுவியா என்று கேட்டேன். நேரமாச்சுக்கா என்று கிளம்பிவிட்டான்.

ஜூன் 19
விசாரணை ஆபீசர் மேஜையில் சாவியை வைத்தேன். "கரண்ட் கீழேருந்தும் மேல போகும்னு எனக்கே தெரியும் சார். மேனேஜருக்குத் தெரியாதா?" ஆபீசர் சாவியை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். வெளியே வந்தால் பெஞ்சில் ஒட்டடைக்குச்சி, அடுத்து உள்ளே போக உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

ஜூலை 2
விசாரணை ஆபீசிலிருந்து வேறு காகிதம் வந்தது. "படிச்சு சொல்லட்டுமாம்மா?" என்றார் கொண்டுவந்த குமாஸ்தா. வேணாம் என்றேன். எழுத்துக்கூட்டிப் படிக்க அரைமணி நேரம் ஆயிற்று, காத்திருக்கட்டும். கவனக்குறைவு இருந்தது, மேனேஜர் பேருக்கு நேராக. கீழே ஒட்டடைக்குச்சி கையெழுத்து. அதற்குக் கீழே கூட வேலை பார்த்த இன்னும் பதினோரு பேர். நானும் என் முழுப் பேரையும் எழுதினேன்.
பூட்டெல்லாம் மாற்றுகிறவரை ஓட்டக்கூடாதென்று உத்தரவாம். வெளியே ஆளைத் தள்ளுகிற காற்று. ஒரு காத்தாடியும் சுற்றவில்லை.