சாணையோடு வராத செப்புத் தட்டு

இணுவில்,
மாசி 1991

அன்பின் ஜுனைது நானா அறிவது,

நாங்கள் இங்கு நலம். புத்தளம் முகாமில் உங்கள் குடும்பத்தின் நலமறிய ஆவல். உங்கள் கடிதம் கை மாறி மாறி ஒருவாறு வந்து சேர்ந்தது. “கல்லுத் தீட்டுற என்ரை சாணை இப்ப ஆரிட்டை நிற்குது?” என்று கேட்டிருந்தீர்கள். கவலையை விடுங்கள், என்னிடம்தான் நிற்கிறது. போன ஐப்பசியில் இயக்கம் போகச் சொல்ல, சோனகதெருவில் உங்கள் ஆட்கள் விட்டுப்போன சாமான்களை இயக்கப் பெடியள் விற்றபோது நானும் போனேன். தையல் மெசினுக்கும் அலுமாரிக்கும் ஒரே அடிபாடு. மரச்சட்டச் சாணையை ஒரு குருவியும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் வாங்கியிராவிட்டால் அது யாருடைய அடுப்பிலோ விறகாய் எரிந்திருக்கும். நீங்கள் எனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

கரண்ட் இல்லாத இந்தக் காலத்தில் வில்லால் இழுத்துச் சுழற்றுகிற சாணைதான் தெய்வம். கொழும்பிலிருந்து கல் வருவது நின்றுவிட்டது, கலியாணங்கள் நிற்கவில்லையே. புத்தூர் சிவசுப்பிரமணியத்தார் மகளுக்குச் சிவப்புக்கல் தோடு கேட்டார். பழைய கல்லைத் தேய்த்து மினுக்கிப் பதிக்கலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். வந்து பார்த்தால், மினுக்குகிற செப்புத் தட்டைக் காணவில்லை. நானே ஒரு தட்டு அடித்துப் பூட்டினேன். தங்கத்துக்கு மெருகு போடுகிற பழக்கத்தில் கையை அழுத்திவிட்டேன், ஒரு கல் வெடித்துப் போயிற்று. “பஞ்சலிங்கம், தங்கம் அடி வாங்கும், கல்லு வாங்காது” என்று முன்பு பகிடி பண்ணுவீர்கள். நீங்கள் இங்கே இல்லாதது எனக்குப் பெரிய நட்டம்தான்.

தட்டு உங்களிடம்தான் இருக்க வேண்டும். வெளிக்கிட்ட வழியில் பெடியளின் சோதனையில் உடுத்த உடுப்பைத் தவிர ஒன்றும் கொண்டுபோக விடவில்லை என்று கேள்வி. சாரத்துக்குள் செருகினீர்களோ என்னவோ, விண்ணன்தான். ஆனால் சாணை இல்லாமல் தட்டை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? சோறு போட்டுச் சாப்பிடவா?

என் மனைவி இராசமலர் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. “அந்த மனுசன்ரை வேர்வை இன்னும் அதிலை காயேல்லை. எப்பிடியப்பா அதிலை இருந்து வேலை செய்யிறியள்?” என்கிறாள். நான் யாரையும் போகச் சொல்லவில்லையே. சொன்னவர்களைப் போய்க் கேட்கட்டும்.

வெடித்த கல் எது என்று நீங்கள் கேட்பீர்கள். அந்த விற்பனையில் ஒரு சோடித் தோடும் எடுத்தேன். கண்டவுடனே தெரிந்தது, உங்கள் மகள் ஸாஜிதாவின் கலியாணத்துக்கு நீங்கள் கல் தீட்டித் தந்து நான் கட்டிய தோடு. ஒன்றின் தண்டு வளைந்து, இரத்தம் காய்ந்து கிடந்தது. புளியில் ஊறப்போட்டுக் கழுவிக் கல்லுகளைக் கழற்றினேன், வெடித்தது அதில் ஒன்றுதான். மற்றக் கல்லையாவது காப்பாற்றினால்தான் சிவசுப்பிரமணியத்தாரிடம் என் மானம் தப்பும்.

இதைக் கொண்டுவரும் குருநகர்ச் சிமியோன் நம்பிக்கையான ஆள். தட்டை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அதற்காக நீங்கள் வெளிக்கிட்டு வரவேண்டாம், விடமாட்டார்கள்.

பிள்ளைக்குக் காது ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். கிழிந்திருந்தால் வடிவாகத் தைப்பித்துவிடுங்கள். நாடு சரிவந்ததும் புதுத் தோடு நானே செய்து தருவேன். கல்லை மட்டும் நீங்கள் தீட்டித் தந்தால் போதும். உங்கள் அல்லா உங்களைக் கைவிடமாட்டார்.

இப்படிக்கு,
என்றும் உங்கள்
பஞ்சலிங்கம்