அரைக்கால் அங்குலம்

சிக்கமோர் ஃபோர்டு, வட கரோலினா
1988 ஜூலை 19, செவ்வாய்க்கிழமை

மாப்பிள்ளை டுவைட்டுக்கு,

உன் மச்சான் ஹாய்ட் கில்லியன் எழுதுவது. இங்கே என் மனைவி வெல்மாவும் நானும் நலம். அங்கே டெக்சாஸில் நீயும் என் தங்கை நடீனும் குழந்தையும் நலமா என்று கேட்கும் உரிமையை ஒன்பது வருடமாக நான் பயன்படுத்தவில்லை. இப்போது பயன்படுத்துகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் இதைக் குப்பையில் போடத் தோன்றியிருக்கும். போடாதே. 1979 செப்டம்பரில் தொழிலாளர் தினப் பந்தயத்தில் நீ ஜெயித்ததைச் செல்லாது என்று சொன்னேனே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். உன் கார் சரியாகத்தான் இருந்தது. காரின் உயரம் பார்க்கும் என் அளவுக் கட்டைதான் தப்பு. இதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன், ஏனென்றால் நீ பொறுமைசாலி இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

இனி நிதானமாகச் சொல்கிறேன்.

என்னைப் பற்றி உனக்குத் தெரியும். ஓட்டர் கிரீக் கார் பந்தயத் திடலில் இருபத்திரண்டு வருடம் கார்களைச் சோதித்திருக்கிறேன். எவன் எதை எங்கே ஒளித்தாலும் மோப்பம் பிடித்துவிடுவேன். போன மே மாதம் கூட ஒருவன் பெட்ரோல் டாங்கிக்குள் கூடைப்பந்தை வைத்து, சோதனையின்போது காற்றடித்து டாங்கி சின்னது என்று காட்டினான். பந்தயத்தின்போது காற்றை இறக்கிவிட்டால் டாங்கி பெரிதாகிவிடும். நான் டாங்கியைத் தட்டிப் பார்த்தேன். சத்தம் சரியில்லை. "என்னடா, உன் டாங்கிக்கு வாயுத் தொல்லையா?" என்று கேட்டேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. அப்படிப்பட்ட ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்லத் தெரியவில்லை, உண்மை அதுதான்.

நீயும் லேசுப்பட்டவன் இல்லை. ஒரு தடவை பந்தயத்துக்கு முன் எடை போடும்போது, கார் எடை குறையக் கூடாதென்று ஃபிளாஸ்க் முழுக்க ஈயத்தை ஊற்றிச் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தாய். பந்தயம் முடிந்து கார் எடை குறைந்தபோது ஃபிளாஸ்கைக் காணோம். கேட்டதற்கு, "காபியைக் குடிச்சிட்டேன் மச்சான், ஃபிளாஸ்க் எங்கயோ விழுந்துருச்சு" என்றாய். "இருபது பவுண்டு காபியா குடிச்ச?" என்று நான் கேட்டதும் திடலே சிரித்தது. நீயும்தான் சிரித்தாய். அன்று உனக்கு ஒரு வாரத் தடை போட்டேன், அடுத்த நாள் நாம் சேர்ந்து மீன் பிடிக்கப் போனோம். அந்தக் கணக்கெல்லாம் நமக்குள் நேராகத்தான் இருந்தது.

தொழிலாளர் தினக் கணக்குதான் நேராகவில்லை.

ஐந்து அங்குல விதி உனக்கு மறந்திருக்காது. காரைத் தாழ்த்தினால் வளைவில் தரையைக் கவ்விக்கொண்டு போகும் என்று எல்லோரும் தாழ்த்தப் பார்ப்பார்கள். அதனால் காரின் அடிச்சட்டத்துக்கும் தரைக்கும் நடுவே ஐந்து அங்குலம் இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறது. என் ஓக் கட்டை அந்த உயரம். கார் மேலே போகும்போது கட்டை இடிக்காமல் நுழைந்தால் பாஸ், இடித்தால் வீட்டுக்கு. அந்தக் காலத்தில் கட்டைச் சோதனையைப் பந்தயம் முடிந்த பிறகுதான், அதுவும் முதல் மூன்று கார்களுக்குத்தான் செய்வோம்.

அன்று மதியம் இருநூறு சுற்றில் கடைசி நாற்பதை நீ முன்னால் ஓட்டினாய். உன்னைப் பார்ப்பதற்கென்றே ஷார்லட்டிலிருந்து ஒரு பெரிய பந்தயக் குழுவின் முதலாளி வந்து மேடையில் உட்கார்ந்திருந்தார். கட்டையைத் தள்ளினேன், இடித்தது. "மச்சான், இந்த ஒரு தடவ நான் ஒண்ணுமே பண்ணல. நடீன் மேல சத்தியம்" என்றாய். நான் அத்தனை பேர் முன்னாலும், "நாய் வாலை நிமித்த முடியாதுடா டுவைட்" என்றேன். நடீன் ஆறு மாத வயிற்றோடு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். "அண்ணே, இன்னொரு தடவ பாரேன்" என்றாள். நான் பார்க்கவில்லை. ஷார்லட்காரர் காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். இரண்டாவதாக வந்த வெண்டெல் செட்சர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனான். மாதக் கடைசியில் நீங்கள் ஊரை விட்டே போய்விட்டீர்கள்.

அதற்குப் பிறகு ஓட்டுநர்கள் எல்லோரும் சேர்ந்து, "டுவைட்டுக்கு நடந்தது எங்களுக்கு நடக்கக் கூடாது, பந்தயத்துக்கு முன்னாடியே கட்டையைக் காட்டு" என்று கேட்டார்கள். நியாயம்தான். அன்றிலிருந்து சனிக்கிழமை மதியம் ஒவ்வொருவனும் காரைக் கட்டைக்கு மேல் ஓட்டிப் பார்ப்பான். இடித்தால் ஸ்பிரிங்கைத் திருகிக் காரை ஏற்றிக்கொள்வான். புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எவனும் பார்ப்பதில்லை. என் கட்டைதான் புத்தகம். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை.

இந்த மாதம் இரண்டாம் தேதி டென்னஸியிலிருந்து ரோண்டா பிராப்ஸ்ட் என்று ஒரு பெண் கார் கொண்டு வந்தாள். முப்பது வயது இருக்கும். வால்வு செய்யும் தொழிற்சாலையில் அளவு பார்க்கும் வேலை. நம் திடலுக்குப் புதிது என்பதால் பாவம், விதிப் புத்தகத்தைப் படித்து அதன்படியே காரைக் கட்டியிருந்தாள். கட்டை இடித்தது.

"மிஸ்டர் கில்லியன், என் கார் அஞ்சு அங்குலத்துக்கு மேலயே நிக்குது. மூணு தடவ அளந்துட்டுத்தான் கிளம்புனேன்" என்றாள்.

"உன் ஊர்ல என்ன அளந்தியோ எனக்குத் தெரியாதும்மா. இங்க என் கட்டை சொல்றதுதான்."

"அப்ப கட்டையைத்தான் அளக்கணும்."

பக்கத்துக் காரில் கை வைத்திருந்த வெண்டெல் நிமிர்ந்து பார்த்தான். "ஏம்மா, நாளைக்கு சர்ச்சுல பைபிளையும் வாங்கி எழுத்துப்பிழை பார்ப்பியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நான்தான் அதிகமாகச் சிரித்தேன். அளந்துகொள் என்று கட்டையை அவளிடம் நீட்டினேன். எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை.

அவள் ஒரு பெட்டியைத் திறந்து உயரம் அளக்கும் கருவியை எடுத்தாள். கருவியைத் துடைத்தாள், கட்டையைத் துடைத்தாள், சமமான இரும்புப் பலகை மேல் வைத்து அளந்தாள். "அஞ்சே அரைக்கால்" என்றாள். மறு பக்கம் அள என்றேன். அஞ்சே அரைக்கால். நடுவில் அள என்றேன். அஞ்சே அரைக்கால். இரண்டு செப்புக் காசை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் வரும் கனம்தான் அரைக்கால் அங்குலம். சுற்றி நின்றவர்கள் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்கள். நான் அவள் காரைப் பாஸ் செய்தேன். அவள் பதினோராவதாக வந்தாள் என்பது வேறு விஷயம்.

மறுநாள் சர்ச்சுக்குப் போகவில்லை. கட்டையை ஷெட்டுக்குக் கொண்டுபோய் அடியில் இருந்த எஃகுத் தகட்டைக் கழற்றினேன். அந்தத் தகடு நினைவிருக்கிறதா? இருக்காது, நீ பார்த்திருக்க மாட்டாய். கட்டையின் ஓரங்கள் தேய்ந்துவிட்டன என்று நானே ஒரு அரைக்கால் தகட்டை வெட்டி அடியில் திருகினேன். தகடு போடுமுன் அந்தக் கனத்துக்கு மரத்தை இழைத்திருக்க வேண்டும். தேய்ந்த அளவுக்குத் தகடு சரியாகப் போய்விடும் என்று கட்டை விரலால் தடவிப் பார்த்து முடிவு செய்துவிட்டேன். தேய்ந்தது மூலைகள் மட்டும்தான், நடு மரம் அப்படியே ஐந்து அங்குலம் இருந்தது. ஊரான் காரையெல்லாம் மூன்று தடவை அளக்கச் சொன்ன நான், என் கட்டையை விரலால் அளந்தேன். தகட்டுக்கு அடியில் மரத்தில் என் கையாலேயே பென்சிலில் தேதி போட்டிருக்கிறேன். 1979 ஆகஸ்ட் 30. நீ ஜெயித்ததற்கு நாலு நாள் முன்னால். அந்தக் கட்டை முதலில் இடித்த கார் உன்னுடையது. அதற்குப் பிறகு எல்லோரும் கட்டைக்கு ஏற்ப காரை ஏற்றிக்கொண்டதால் வேறு எவனுக்கும் நஷ்டம் இல்லை. உனக்கு மட்டும்தான்.

திடல் நடத்தும் கிரேடி ஹெஃப்னரிடம் திங்கட்கிழமையே சொன்னேன். அவன் செய்தித்தாளைக் கூட இறக்கவில்லை.

"ஒம்பது வருஷம் ஆச்சு ஹாய்ட். அதை ஆத்துல வீசிட்டு வேற செஞ்சுக்க. எவனுக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே கிரேடி."

"தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போகுது, வாயை மூடிக்க. நீ மைக்கைப் புடிச்சுப் பேசுன, அன்னைக்கே சோதனைக் கொட்டகைச் சாவியைக் குடுத்துட்டுப் போயிடணும்."

ஒன்பதாம் தேதி மதியம் ஓட்டுநர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துப் பேசினேன். சுற்றி வளைக்கவில்லை. 1979இல் ஜெயித்தது டுவைட் சிக்மன், அவன் கார் விதிப்படி இருந்தது, அவன் சத்தியம் செய்தான், அது உண்மைச் சத்தியம், தப்பு என்னுடையது என்றேன். கட்டையையும் தகட்டையும் மேசை மேல் வைத்து, யார் வேண்டுமானாலும் அளக்கலாம் என்றேன். பேசி முடித்ததும் சாவியை கிரேடியின் சட்டைப் பையில் நானே போட்டேன். இப்போது அவனுடைய சித்தப்பா மகன் சோதனை செய்கிறான். கார்பரேட்டருக்கும் காபி வடிகட்டிக்கும் வித்தியாசம் தெரியாதவன். இந்த சீசன் திருடர்களுக்குக் கிறிஸ்துமஸ் போல என்று சொல்லத்தான் தோன்றுகிறது, ஆனால் அது இனி என் கவலை இல்லை. மேடைக்குக் கீழே சுவரில் ஜெயித்தவர்களின் பெயர் எழுதியிருக்குமே, அதில் வெண்டெல் பெயரை அழித்து உன் பெயரை எழுதிவிட்டுத்தான் வந்தேன். எழுத்து கொஞ்சம் கோணல்.

வெண்டெல் சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். அடுத்த திங்கட்கிழமை காலை என் வீட்டு வாசலில் டிரக்கை நிறுத்தி, கோப்பையை இறக்கி வைத்தான். "டுவைட்டுகிட்டக் குடுத்துரு. ஆனா ஒண்ணு, என் காரு நல்லா இருந்திருந்தா அவனைக் கடைசிச் சுற்றுல முந்தியிருப்பேன்னு சொல்லு" என்றான். சொல்லிவிட்டேன். நம்புவதும் நம்பாததும் உன் விருப்பம்.

இதுவரை எழுதியதெல்லாம் மைக்கில் சொன்னதுதான். மைக்கில் சொல்லாத ஒன்று இருக்கிறது. வெல்மாவிடம் கூடச் சொன்னதில்லை.

அந்த வருடம் முழுக்க என் காதுபட ஒரு பேச்சு ஓடியது. மச்சான் கட்டை வைத்திருக்கும்வரை மாப்பிள்ளைக்கு என்ன கவலை என்று. நீ ஜெயித்தால் என் பெயர் போகும் என்ற பயம் எனக்கு. அன்று கட்டை உன் கார் அடியில் இடித்ததும், டுவைட், எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி எவனும் என்னைச் சொல்ல முடியாது என்று நினைத்தேன். நடீன் இன்னொரு தடவை பார் என்றபோது நான் ஏன் பார்க்கவில்லை தெரியுமா? பார்த்து, கட்டை நுழைந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான். எங்கிருந்தோ வந்த ரோண்டாவை மூன்று தடவை அளக்க விட்டேன். என் கூடப் பிறந்தவள் கேட்டும் இன்னொரு தடவை பார்க்கவில்லை. அரைக்கால் அங்குலப் பழியைத் தகட்டின் மேல் போடலாம். இதை யார் மேலும் போட முடியாது. மன்னித்துவிடு என்று இதற்கு முன் யாரிடமும் எழுதியதில்லை. உன்னிடம் எழுதுகிறேன். மன்னித்துவிடு. நடீனிடமும் இந்தப் பத்தியைக் காட்டு.

குழந்தைக்கு வருகிற டிசம்பரில் ஒன்பது முடியும் என்று வெல்மா சொன்னாள். பெண் குழந்தை என்பது வரை தெரியும், பெயர் தெரியாது. இந்த ஊரில் அதை யாரிடமும் கேட்க என் கௌரவம் விடவில்லை.

இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக என் சனிக்கிழமைகள் காலியாக இருக்கின்றன. நீங்கள் இருக்கும் பியூமாண்ட் இங்கிருந்து ஆயிரம் மைல், வழி பார்த்து வைத்துவிட்டேன். கோப்பையை முன் சீட்டில் வைத்து பெல்ட் போட்டுக் கொண்டுவருவேன். உன் வீட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்துவேன், நீங்கள் கதவைத் திறக்கும்வரை இறங்க மாட்டேன். திறக்கவில்லை என்றால் கோப்பையை வாசலில் வைத்துவிட்டு வந்த வழியே போய்விடுவேன், அதற்காக உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ஆண்டவர் உங்கள் மூவரையும் சுகமாக வைத்திருக்கட்டும். நீ பதில் எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை, கேட்கும் இடத்திலும் இல்லை. நடீனை ஒரு தபால் அட்டை போடச் சொல். அதில் வேறெதுவும் வேண்டாம், குழந்தையின் பெயரை மட்டும் எழுதினால் போதும். அட்டை வந்த அன்றே நான் கிளம்பிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் மச்சான்,
ஹாய்ட்