“நான் பாத்துக்கறேன்”

7 ஜூலை, திங்கள்

புகைமூட்டம். காலையிலேயே கண் எரிச்சல். தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலை. பதினான்கு பேருக்கு வேலை போகிறது, நேரில் சொல்ல வேண்டும். எச்.ஆரில் பதினோரு வருஷம். புதிதில்லை.

பதின்மூன்று பேருக்கு ஆங்கிலத்திலும் மலாயிலும் சொல்லி முடித்தாயிற்று. ‘உங்கள் பொசிஷன் ரிடண்டன்ட்.’ போவது பொசிஷன்தான், ஆள் இல்லை. குரல் நடுங்காது.

கடைசியாகக் காளிமுத்து. ராமநாதபுரத்துக்காரர், வேலை பெர்மிட்டில் வந்தவர், நாற்பத்தைந்து இருக்கும். நான் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு, “மேடம், ஒண்ணும் வெளங்கல. தமிழ்லயே சொல்லிருங்க” என்றார்.

வாயைத் திறந்தேன். பொசிஷனுக்குத் தமிழில் என்ன? எதிரே அந்த மனுஷர்தான் இருந்தார்.

“அண்ணே, அடுத்த வாரத்திலேருந்து உங்களுக்கு வேலை இல்ல.”

அவர் முகம் போன போக்கு. உடனே நான், “கவலப்படாதீங்கண்ணே. நான் பாத்துக்கறேன்.”

எதைப் பார்த்துக்கொள்வேன்? எனக்கு என்ன அதிகாரம்? ஆங்கிலத்தில் செத்தாலும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். கையெடுத்துக் கும்பிட்டார்.

8, செவ்வாய்

பங்சார் ஆபீஸ். வாங்க வேண்டியது: பால், தோசை மாவு, மகளுக்கு இருமல் மருந்து.

பாஸிடம் கேட்டேன், காளிமுத்துவுக்கு வேறு பிராஞ்சில் ஒரே ஒரு இடம். “நோ லா. உனக்கே தெரியும்.” பிறகு, “யாருக்கும் பிராமிஸ் எதுவும் பண்ணலதானே?” ஆங்கிலத்தில்தான் கேட்டார்.

“நோ” என்றேன். பொய் என்றே தோன்றவில்லை. லிஃப்டில் இறங்கும்போதுதான் உறைத்தது.

அப்பா இறந்தபோது பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்த ஒவ்வொருவரும் அம்மாவிடம் இதையேதான் சொன்னார்கள். நாங்க பாத்துக்கறோம். சர்ச் ஆட்கள், சித்தப்பா, எல்லாரும். அம்மா நம்பினாள். எனக்கு அப்போது பதினொரு வயது. நான் நம்பவில்லை.

இதைத் தமிழில் எழுதுகிறேன். வீட்டில் வேறு யாருக்கும் தமிழ் படிக்க வராது.

9, புதன்

வெயில், புகை குறைவு. மதியம் இவர்களை வேலைக்கு அனுப்பிய ஏஜென்ட் போன். கிள்ளான் பக்கம் காப்பாரில் ஒரு கம்பெனிக்கு ஆள் கேட்டிருந்தார்களாம், நம் பதினான்கு பேரையும் எடுத்துக்கொள்ளத் தயார். இன்று பன்னிரண்டு மணிக்குள் பெயர் கொடுத்திருக்க வேண்டுமாம்.

“பதிமூணு பேரு குடுத்துட்டாங்க. உங்க காளிமுத்து மட்டும் வேணாம்னுட்டாரு. மேடம் பாத்துக்கறேன்னு வாக்கு குடுத்திருக்காங்களாம்?”

“இன்னும் எடம் இருக்கா அங்கிள்?”

“லிஸ்ட் போயிருச்சு மா. அந்த எடத்துக்கு வேற ஆளப் போட்டாச்சு.”

இரண்டு தடவை திரும்ப அழைத்தேன். முதல் தடவை கெஞ்சினேன், இல்லை என்றார். அடுத்த தடவை எடுக்கவில்லை.

சாப்பாட்டு மேஜையில் மகள்: “மம்மி, நீ போன்ல தமிழ் பேசுனா வேற ஆளு மாதிரி லா. ரொம்ப நைஸா இருக்க.” தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

10, வியாழன்

காளிமுத்துவைப் பார்க்கப் போயிருக்க வேண்டும். போகவில்லை. தலைவலி (உண்மையாகவே).

ஏஜென்ட் மூலமாகச் சொல்லிவிடலாம் என்று மெயில் எழுதினேன். ‘ஒரு மிஸ்அண்டர்ஸ்டாண்டிங் ஏற்பட்டிருக்கலாம்.’ நல்ல வாக்கியம். யாரும் எதுவும் செய்யவில்லை, தானாக ஏற்பட்டிருக்கிறது. மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்தேன். அதையே தமிழில் சொல்லிப் பார்த்தேன்: ‘சும்மா சொன்னேன், நீங்க நம்பிட்டீங்க.’ லேப்டாப்பை மூடினேன்.

எது நான்? பாஸிடம் நோ சொன்னவளா, அண்ணே என்று கூப்பிட்டவளா? முதலில் சொன்னவள்தான் கெட்டவள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஆனால் அவள் யாரையும் நம்ப வைத்ததில்லை.

11, வெள்ளி

மழை. கிள்ளான் தாண்டும்வரை நெரிசல். தொழிலாளர் விடுதிக்கு நேரே போனேன். காளிமுத்து வாசல் கூரைக்குக் கீழே சட்டை உலர்த்திக்கொண்டிருந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உட்காரவில்லை.

“அண்ணே, என்னால ஒண்ணும் செய்ய முடியல. அன்னிக்கே முடியாதுன்னு தெரியும். மனசு கேக்காம சொல்லிட்டேன். தப்பு என்னோடது.”

ஈரச் சட்டையை உதறிக் கொடியில் போட்டார். பிறகு, கோபமே இல்லாமல், “நீங்க இங்கிலீஷோட நிறுத்தியிருக்கலாம் மேடம். ஒண்ணும் வெளங்காம எல்லாரோடயும் சேந்து காப்பாருக்குப் பேரக் குடுத்திருப்பேன்” என்றார்.

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இருபதாம் தேதி ஊருக்கு அனுப்புகிறார்கள். அதை வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம். “நான் சொன்னா என்ன தப்பு பண்ணுனேன்னு சம்சாரம் கேப்பா. நீங்களே சொல்லிருங்க.” போனைப் போட்டு என் கையில் கொடுத்துவிட்டார்.

“மேடமா? உங்களப் பத்தித்தான் தெனமும் சொல்லுவாரு” என்றாள் அவர் மனைவி. பின்னால் ஆடு கத்தும் சத்தம்.

சொன்னேன். வேலை இல்லை, இருபதாம் தேதி வருகிறார், அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை, நான் கொடுத்த வாக்கால்தான் வேறு வேலையும் போயிற்று. ஆறுதலாக ஒரு வார்த்தை வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

ஆடு மறுபடி கத்தியது. பிறகு மெதுவாகக் கேட்டாள்: “அவரு சாப்புட்டாரா?”

தெரியாது. அவரிடம் கேட்டுத்தான் சொன்னேன். இன்னும் இல்லை.