பாட்டுக்குள் கேட்ட குரல்

அரவிந்தா,

உன் அப்பா ஹாலில் விழுந்துவிட்டார். பேச்சு வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் உன் தம்பி நம்பி கூட இருக்கிறான். பரீட்சை டியூட்டி என்பதால் உன் போன் அணைந்திருக்கிறது.

"எப்ப விழுந்தாரு? நேரம் தெரிஞ்சாத்தான் பக்கவாதத்துக்கு ஊசி போட முடியும்" என்றார் டாக்டர். எனக்குத் தெரியவில்லை. நம் கல்யாணத்துக்கு முன்பு கல்லூரியில் உனக்காகப் பாடிய அந்த ராக் பாட்டை, வெளிச்சத்தம் வராமலிருக்க அறைக் கதவில் மெத்தையைச் சாத்திவைத்துப் பதிவு செய்துகொண்டிருந்தேன். "அப்பா தனியா இருக்காக, கதவை அடைக்காதீக" என்று காலையில் சண்டை போட்டாயே. ஒரு மணிக்கு வெளியே வந்தபோதுதான் அவரைப் பார்த்தேன்.

இப்போது வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் இருக்கும் அந்தப் பதிவை ஹெட்போனில் கேட்டேன். பதிவு தொடங்கிய நேரத்தோடு கணக்குப் பார்த்தால், அவர் விழுந்தது பதினொன்று இருபதுக்கு. நேரத்தை மட்டும் நம்பிக்குப் போனில் சொன்னேன். எப்படித் தெரியும் என்று சொல்லவில்லை.

ரசம் இருக்கிறது, இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு வா. வண்டிச் சாவி ஃபிரிட்ஜ் மேல். அவர் கண்ணாடியை எடுத்துக்கொள்.

— பார்த்தா

கம்ப்யூட்டரைத் தொடாதே.

இல்லை, நீயே கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். "மாப்ளே" என்று பதிவில் உன் அப்பா மூன்று தடவை கூப்பிடுகிறார். மூன்றாவது தடவை நான் உச்சத்தில் பாடிக்கொண்டிருக்கிறேன். பாட்டு முடிந்ததும், "ஆகா, இன்னைக்குத்தான் சரியா வந்திருக்கு" என்று சிரிக்கிறேன்.