சட்டை நனையும் என்றேன்

ஸ்ரீரங்கம்
12-7-1962

அன்புள்ள செல்லக்கிளிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. வீட்டைப் பெருக்கிவிட்டேன்.

மண்டபம் ஊருக்கு ஏன் வந்தேன் என்று நீ கேட்டபோது, பேரனைப் பார்க்க என்றேன். அது பாதிதான் உண்மை. பேரனைக் கவனித்துக்கொள்ளப் போன நீ ஒரு வருடமாகத் திரும்பவில்லை. உன்னை அழைத்துவரத்தான் வந்தேன்.

அன்று அந்தச் சின்னக் கடல்வளைவில் நம் மகன் தனபால் தன் மீன் ஆராய்ச்சி வேலைக்காக முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஆழத்தில் இறங்கினான். நீ புடவையை இழுத்துச் செருகி, அவனுடைய இன்னொரு கண்ணாடி முகமூடியும் மூச்சுக்குழாயுமாக, இடுப்பளவு நீரில் முகத்தை அமிழ்த்திக் கிடந்தாய். நீதான் என்று நம்பச் சற்று நேரமாயிற்று.

"நீங்களும் வாங்க. மீனெல்லாம் பக்கத்துல வந்து நம்மளப் பாக்குது," என்றாய்.

"சட்டை நனையும்."

"கல்யாணமான நாள்லேருந்து இதே பதில்தான் உங்களுக்கு," என்று சிரித்தாய்.

இந்த வீட்டில் நீ அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அதற்குப்பின் அழைக்க வாய் வரவில்லை. அழைக்காமல் வந்தது சரிதானா என்று இன்னும் தெரியவில்லை.

நேரில் கேட்காததை இப்போது எழுதுகிறேன். திரும்பி வருகிறாயா? மனமில்லை என்றால் பதில் போட வேண்டாம். தபால் தாமதம் என்று நினைத்துக்கொண்டு இருந்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் கணவன்